அம்மாவின் கிளுவை வேலிச் செங்காந்தள்: கிழங்கைப் பிரித்து இடம் மாற்றுவது எப்படி?

வேலியோரம்
14 நவம்பர் 2023, இரவு 9.40

வணக்கம். எங்கள் ஊர் தாராபுரத்துக்குத் தெற்கே. தீபாவளிக்குப் போய்விட்டு நேற்றுத்தான் கோவை திரும்பினேன். வீட்டுக்குப் பின்னால் இருக்கும் கிளுவை வேலி முழுக்கச் செங்காந்தள் பூத்திருக்கிறது. ஊரில் கண்வலிப்பூ என்போம். யாரும் நட்டதில்லை. அம்மா கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்த வருடமே வேலியில் ஒரு கொடி இருந்ததாம். வேலி கழிக்கும்போதெல்லாம் அந்த இடத்தில் மட்டும் அரிவாள் படாமல் பார்த்துக்கொள்வார். அம்மா போய் 2 வருடம் ஆகிறது.

இப்போது நிலத்தைக் கொடுத்துவிட்டோம். வாங்கியவர் தை மாதக் கடைசியில் வேலியைப் பிடுங்கிவிட்டுச் சுவர் வைக்கப் போகிறார். நல்ல மனிதர், அதற்குள் வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். நான் கோவையில் கீழ்த்தள வாடகை வீட்டில் இருக்கிறேன். பின்பக்கம் 10 அடிக்கு 6 அடி மண் தரை உண்டு. சில தொட்டிகளும் வைக்கலாம்.

போன வருடம் ஆனியில் ஒரு கிழங்கைத் தோண்டி, இஞ்சியை வெட்டுவதுபோல நடுவில் 3 துண்டாக வெட்டித் தொட்டியில் வைத்தேன். மூன்றும் அழுகிவிட்டன. இந்த முறை அப்படி ஆகக்கூடாது. எப்போது தோண்டுவது, எங்கே பிரிப்பது, தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

மாடியில்_மண்
14 நவம்பர் 2023, இரவு 10.15

அக்கா, திருச்சியில் மாடித்தோட்டம் வைத்திருக்கிறேன். சேம்பு, மஞ்சள், கல்வாழை எல்லாம் பிரித்து நட்டிருக்கிறேன். ஒவ்வொரு துண்டிலும் ஒரு கண் இருந்தால் போதும். உங்கள் துண்டு அழுகியது ஈரம் அதிகமானதால் இருக்கும். வெட்டிய இடத்தில் சாம்பல் தடவி 2 நாள் நிழலில் காயவைத்து மறுபடி முயன்று பாருங்கள்.

---

மூலனூர்க்காரன்
15 நவம்பர் 2023, காலை 5.50

தம்பி சொல்வது மஞ்சளுக்குச் சரி. கண்வலிக்குச் சரிவராது. நான் ஒன்றரை ஏக்கர் கண்வலி போடுகிறவன், அதனால் கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறேன்.

இந்தக் கிழங்குக்கு உடம்பெல்லாம் கண் கிடையாது. கிழங்கைக் கையில் எடுத்தால் கலப்பை மாதிரி இரண்டு கையாக வளைந்திருக்கும். கலப்பைக் கிழங்கு என்று பேர் வந்ததே அதனால்தான். இரண்டு கையும் சேரும் மூட்டில்தான் இந்த வருடத்துக் கொடி நிற்கும். அடுத்த வருடத்து முளை அங்கே இல்லை. ஒவ்வொரு கையின் கடைசி நுனியில், கூராக, அரிசி நுனி போல ஒரு முளை இருக்கும். எங்கள் வீட்டில் அதை மூக்கு என்போம். ஒரு கைக்கு ஒரு மூக்கு, அவ்வளவுதான். மூக்கு ஒடிந்தால் அந்தக் கை எவ்வளவு பெருத்திருந்தாலும் முளைக்காது, மண்ணுக்குள் கிடந்து அழுகும். அம்மணி வெட்டிய 3 துண்டில் நடுத்துண்டுக்கு ஆரம்பத்திலேயே உயிர் இல்லை. மற்ற இரண்டிலும் தோண்டும்போதே மூக்கு போயிருக்கும்.

பிரிக்கும் இடம் மூட்டு. நன்றாக முற்றிக் காய்ந்த கிழங்கு என்றால் கையால் லேசாக அசைத்தாலே அந்த இடத்தில் விட்டுக்கொடுக்கும். கத்தி தேவையில்லை. ஒரு கலப்பையில் இரண்டு விதைக்கிழங்கு, அதற்குமேல் கிடையாது.

இன்னொன்று. நட்ட கிழங்கு அப்படியே பெருத்துக்கொண்டே போகாது. கொடிக்குச் சத்தெல்லாம் கொடுத்துவிட்டுச் சுருங்கிச் சக்கையாகிவிடும். அதே பருவத்தில் கொடியின் அடியில் புதுக் கலப்பை ஒன்று உருவாகும். அதனால் இப்போது, பூவிருக்கும்போது தோண்டாதீர்கள். பழைய கிழங்கு தீர்ந்துகொண்டிருக்கும், புதுக்கிழங்கு பால் பிடித்துக்கொண்டிருக்கும். இரண்டும் கெடும். காய் வெடித்து, இலை மஞ்சளாகி, கொடி சருகாகி, இழுத்தால் தானாகக் கையோடு வரும் நிலைக்கு வந்த பிறகு இன்னும் 10 நாள் விட்டுத் தோண்டுங்கள். எங்கள் பக்கம் அது மார்கழிக் கடைசி, தை.

---

வளவுக்காரி
15 நவம்பர் 2023, மாலை 4.05

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். எங்களுக்கு இது கார்த்திகைப்பூ. ஐப்பசி மாரி தொடங்கினால் கிளுவை வேலியிலும் பூவரசிலும் ஏறிவிடும். அப்பம்மா காலத்திலிருந்து எங்கள் வளவில் நிற்கிறது.

மூலனூர் ஐயா சொன்ன எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்கிறேன், ஒன்றைத் தவிர. நாங்கள் மூட்டில் பிரிப்பதில்லை. இடம் மாற்றும்போது கலப்பையை அப்படியே முழுதாகத் தாழ்ப்போம். இரண்டு நுனியும் முளைத்து இரண்டு கொடி வரும். உடைத்த வாயால் மழைக்காலத்தில் அழுகல் நுழைகிறது. எங்கள் மண் கிணற்றடி மண், ஈரம் கூட. 8 கன்றாக்க ஆசைப்பட்டு 4 கிழங்கை உடைத்த வருடம் 5 கொடிதான் வந்தது. உடைக்காமல் விட்டிருந்தால் 8 வந்திருக்கும்.

---

மூலனூர்க்காரன்
15 நவம்பர் 2023, இரவு 8.30

அம்மா, உங்கள் அனுபவம் சரிதான். ஈர மண்ணில் உடைத்த வாய் ஆறுவதற்குள் மழை வந்தால் போச்சு. நான் பிரிப்பது மாசியில், நடுவது ஆடியில். நடுவே 4 மாதத்துக்கு மேல் அது காய்ந்து கிடக்கும். தோல் போர்த்திக்கொள்ளும். தோண்டிய கையோடு உடைத்து உடனே நடுவதாக இருந்தால் உடைக்காமல் நடுவதே மேல்.

இன்னொரு கணக்கும் உண்டு. கை ஒன்று 50, 60 கிராமுக்குக் குறையாமல் இருந்தால்தான் பிரிப்பேன். அந்த எடைக்குக் கீழே இருக்கும் கையைத் தனியாக வைத்தால் முதல் வருடம் கொடி மட்டும் வரும், பூ வராது. இது தோட்டக்காரர் கணக்கு. வீட்டுக்கு ஒரு வருடம் பொறுக்க மனசிருந்தால் சின்னதையும் பிரிக்கலாம்.

---

மாடியில்_மண்
15 நவம்பர் 2023, இரவு 9.00

ஐயா, நான் தவறாகச் சொல்லிவிட்டேன். திருத்தியதற்கு நன்றி. ஒரு சந்தேகம். விதையிலிருந்து வளர்த்தால் ஒரே கொடியில் நூறு கன்று கிடைக்குமே? கிழங்கைப் பிரித்து வருடத்துக்கு ஒன்று இரண்டாவதற்கு எதற்காகக் காத்திருக்க வேண்டும்?

---

மூலனூர்க்காரன்
16 நவம்பர் 2023, காலை 6.10

விதை முளைக்கும். ஆனால் ஒன்று 20 நாளில் முளைக்கும், இன்னொன்று 3 மாதம் படுத்தே கிடக்கும். முதல் வருடம் புல் போல நாலு இலை, அடியில் மிளகாய் அளவில் கிழங்கு. பூ பார்க்க 3, 4 வருடம் ஆகும். அதோடு இந்தப் பூவில் சூல்தண்டு சரியாகப் பக்கவாட்டில் மடிந்து, மகரந்தப் பைகளுக்கு எட்டாமல் விலகி நிற்கும். வேறு பூவின் மகரந்தம் வந்து சேரட்டும் என்றுதான் அந்த அமைப்பு. நாங்கள் காலையில் 6 மணிக்கே காட்டுக்கு, அதாவது வயலுக்கு, போய் ஒவ்வொரு பூவாகக் கையால் தொட்டுவிடுவது அதனால்தான். அப்படிப் பிடித்த விதையில் வரும் செடி தாய்ச்செடி மாதிரியே இருக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. கிழங்கில் வந்தால் அதே செடி. அம்மணிக்கு வேண்டியது அவர் அம்மா பார்த்த அதே கொடி. அதற்குக் கிழங்குதான் வழி.

---

வேலியோரம்
16 நவம்பர் 2023, இரவு 10.20

ஐயா, அந்தக் கடைசி வரியை நான் 2 முறை படித்தேன். நான் கேட்க நினைத்து எழுதத் தெரியாமல் விட்டது அதுதான்.

பொங்கல் முடிந்த வாரம் போகிறேன். கிளுவை வேர்களுக்கு நடுவே இருக்கிறது. கடப்பாரையா, மண்வெட்டியா? எவ்வளவு ஆழம்?

---

மூலனூர்க்காரன்
17 நவம்பர் 2023, காலை 5.45

காட்டில் வருடா வருடம் எடுத்து நடுகிற கிழங்கு அரையடிக்குள் இருக்கும். வேலியில் யாரும் தொடாமல் பல வருடம் கிடந்தது கீழே இறங்கியிருக்கும். கைகள் கீழ்நோக்கி வளர்வதால் ஒவ்வொரு வருடமும் முளை இன்னும் ஆழத்திலிருந்து கிளம்பும். ஒரு முழம் வரைக்கும் தோண்டத் தயாராகப் போங்கள்.

கொடி நிற்கும் இடத்தில் குத்தாதீர்கள். அங்கே இருப்பது மூட்டு. மூக்கு வெளிப்பக்கம், ஒரு சாண் தள்ளி இருக்கும். கொடிக்கு அருகே குத்தினால் மூட்டு உடையும், கொஞ்சம் தள்ளிக் குத்தினால் மூக்கு உடையும். அதனால் கொடியிலிருந்து ஒன்றரை அடி தள்ளிச் சுற்றிக் குழி எடுத்து, பக்கவாட்டிலிருந்து களைக்கொத்தாலும் கையாலும் மண்ணைச் சுரண்டிக்கொண்டே உள்ளே வாருங்கள். முதல் நாள் மாலை ஒரு குடம் தண்ணீர் ஊற்றிவிட்டால் மண் விட்டுக்கொடுக்கும்.

முக்கியமாக, கொடி இருந்த இடத்தை இப்போதே அடையாளம் செய்து வையுங்கள். தையில் சருகு காற்றில் போய்விடும். எங்கே தோண்டுவது என்றே தெரியாது. சிவப்புத் துணி கட்டிய குச்சி போதும்.

---

செவிலிப்பணி
17 நவம்பர் 2023, பகல் 1.30

நான் ஓய்வுபெற்ற செவிலி. இழையை ஆரம்பத்திலிருந்து படித்தேன். இவ்வளவு நல்ல தகவல்களில் ஒன்று மட்டும் இன்னும் வரவில்லை. அது இல்லாமல் யாரும் இந்தக் கிழங்கைத் தொடக்கூடாது என்று நினைக்கிறேன்.

இந்தச் செடியின் எல்லாப் பாகத்திலும் கோல்சிசின் என்ற நஞ்சு இருக்கிறது. கிழங்கிலும் விதையிலும் அதிகம். மூட்டு வாத மருந்துக்காகக் கம்பெனிகள் விதையை வாங்குவதும் இதே பொருளுக்குத்தான். பணியில் இருந்தபோது, சர்க்கரைவள்ளி என்று நினைத்து அவித்துச் சாப்பிட்டு வந்த குடும்பத்தை நான் பார்த்திருக்கிறேன். சாப்பிட்ட உடனே ஒன்றும் தெரியாது. 2 மணி நேரம், சில சமயம் 6 மணி நேரம் கழித்துத்தான் வாந்தியும் பேதியும் தொடங்கும். அது நின்றதும் சரியாகிவிட்டது என்று நினைப்பார்கள். அடுத்த சில நாட்களில்தான் சிறுநீரகம், இதயம், எலும்பு மஜ்ஜை எல்லாம் அடிவாங்கும். பிழைத்தவர்களுக்கும் ஒன்றிரண்டு வாரத்தில் தலைமுடி கொத்தாகக் கொட்டியதைப் பார்த்தேன்.

அவித்தால் நஞ்சு போகாது. யாராவது தின்றுவிட்டதாகச் சந்தேகம் வந்தாலே, அறிகுறிக்குக் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். மீதிக் கிழங்கை ஒரு பையில் போட்டு மருத்துவமனைக்குக் கையோடு கொண்டு போங்கள். எந்தக் கிழங்கு என்று தெரிந்தால் மருத்துவருக்கு நேரம் மிச்சம்.

தோண்டும்போது ரப்பர் கையுறை. உடைத்த கையோடு கண்ணைத் தொடாதீர்கள். கிழங்கை அடுக்களையில் வைக்கவே வேண்டாம். அடுக்களைத் தராசில் நிறுக்கவும் வேண்டாம். வீட்டில் சின்னக் குழந்தை உண்டா?

---

வளவுக்காரி
17 நவம்பர் 2023, மாலை 5.15

சிஸ்டர் சொல்வதை ஒவ்வொரு எழுத்தாக ஆமோதிக்கிறேன். இங்கே வற்றாளைக்கிழங்கு (நீங்கள் சொல்லும் சர்க்கரைவள்ளி) என்று நினைத்துச் சாப்பிட்டவர்களின் கதை ஊருக்கு ஒன்று உண்டு. எங்கள் வீட்டில் வற்றாளை நடும் பாத்திக்கும் கார்த்திகைப்பூ நிற்கும் வேலிக்கும் நடுவே கிணறு இருக்கும்படி அப்பம்மா வைத்திருந்தார். இன்றைக்கும் அப்படித்தான்.

---

வேலியோரம்
17 நவம்பர் 2023, இரவு 9.10

சிஸ்டர், என் பையனுக்கு 14 வயது. ஆனால் மாடி வீட்டில் 3 வயதுக் குழந்தை இருக்கிறது, பின்பக்கம் விளையாட வரும். நீங்கள் கேட்டிருக்காவிட்டால் எனக்கு அது தோன்றியே இருக்காது. மண் தரையில் நடும் யோசனையை விட்டுவிடுகிறேன். சுவரோரம் உயரமான தொட்டிகள், முன்னால் கம்பி வலை. குழந்தையின் அம்மாவிடம் நாளைக்கே பேசி, அவர் சரி என்றால்தான் கொண்டுவருவேன்.

---

மலையடிவாரம்
19 நவம்பர் 2023, காலை 11.25

எங்கள் ஊருக்குப் பக்கத்துக் காட்டோரம் இது நிறைய இருக்கிறது. இதே முறையில் அங்கிருந்து 10, 20 எடுத்து வரலாமா? ஆசையாக இருக்கிறது.

---

மூலனூர்க்காரன்
19 நவம்பர் 2023, இரவு 7.40

வேண்டாம் தம்பி. வனத்துறைக் காட்டிலிருந்து செடி எடுப்பது குற்றம், அது ஒரு பக்கம். விதைக்கிழங்குக்காகக் காட்டைத் தோண்டியே பல இடத்தில் இதைத் தீர்த்துவிட்டார்கள். என் சின்ன வயசில் எங்கள் வேலியெல்லாம் இருந்தது, இன்றைக்கு வயலில் மட்டும்தான் இருக்கிறது. தை, மாசியில் மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் எந்தக் கண்வலிக் காட்டுக்காரரிடம் கேட்டாலும் விலைக்குக் கொடுப்பார்.

---

தேம்ஸ்கரை
21 நவம்பர் 2023, இரவு 11.50

லண்டனில் 9 வருடமாகத் தொட்டியில் வளர்க்கிறேன். இங்கே கடையில் வாங்கிய கிழங்கு, ரோத்ஸ்சைல்டியானா என்ற வகை. ஊரில் கண்ட பூவைவிடச் சற்றுப் பெரிது. நான் சொல்ல வந்தது தொட்டியைப் பற்றி.

ஒரு முழ ஆழத் தொட்டி வேண்டும். கிழங்கைப் படுக்கையாக, 3 அங்குல ஆழத்தில் வையுங்கள். மூக்கு தொட்டிச் சுவரை முட்டக்கூடாது. என் முதல் கிழங்கின் நுனி பிளாஸ்டிக் சுவரில் இடித்து, முளை வளைந்து முறிந்தது. அன்றிலிருந்து நுனியைத் தொட்டியின் நடுவுக்கும், உடைத்த முனையைச் சுவர்ப்பக்கமும் வைக்கிறேன்.

இங்கே குளிர் என்பதால் இலை காய்ந்ததும் தொட்டியோடு வீட்டுக்குள் கொண்டுவந்து, மார்ச் வரை ஒரு சொட்டுத் தண்ணீர் விடமாட்டேன். உறங்கும் கிழங்குக்குத் தண்ணீர் விட்டுக் கொன்றவர்கள்தான் எனக்குத் தெரிந்து அதிகம்.

---

வேலியோரம்
22 ஜனவரி 2024, இரவு 8.00

சனி, ஞாயிறு ஊரில் இருந்தேன். கார்த்திகையில் தம்பியை விட்டுக் கட்டச் சொன்ன 9 சிவப்புத் துணியும் அப்படியே இருந்தன. துணி இல்லாமல் போயிருந்தால் வெறும் வேலிதான், ஒரு சருகு இல்லை.

இரண்டு நாளும் காலை 7 முதல் 11 வரை தோண்டினோம். நான், தம்பி, என் பையன். மண்வெட்டியைக் குழி எடுக்க மட்டும் பயன்படுத்தினோம். மேல் அரையடியில் எதுவுமே இல்லை. பையன் சலித்துப்போய், இங்கே ஒன்றும் இல்லை என்று எழுந்துவிட்டான். அப்புறம் ஒரு முழத்துக்குச் சற்று மேலே, கிளுவை வேரைக் கட்டிக்கொண்டதுபோல முதல் கலப்பை தெரிந்தது. மண்ணோடு பார்த்தால் வேர் என்றே நினைப்போம். மூக்கைப் பார்த்ததும்தான் தெரிந்தது. வெளுப்பாக, கூராக இருந்தது. ஐயா சொன்ன அரிசி நுனியேதான். பக்கத்திலேயே போன வருடத்துக் கிழங்கு வெறும் தோலாக, காலிப் பைபோல ஒட்டிக்கொண்டிருந்தது. அதையும் சொல்லியிருந்தீர்கள், ஆனால் கையில் எடுத்துப் பார்த்தபோதுதான் நம்பினேன்.

கணக்கு: கிடைத்தது 14 கலப்பை. இரண்டு ஏற்கெனவே அழுகல், அங்கேயே புதைத்துவிட்டோம். 9 முழுசு. மற்ற மூன்றில் தலா ஒரு மூக்கு முறிந்துவிட்டது, மூன்றும் முதல் நாள் என் அவசரத்தில் போனது. ஆக உயிருள்ள மூக்கு 21.

தம்பிகள் இருவருக்கும் ஆளுக்கு ஒரு முழுக் கலப்பை கொடுத்தேன். மீதி 10-ஐயும் கழுவாமல், மண்ணை உதறிவிட்டு, காகிதத்தில் சுற்றிக் கோவைக்குக் கொண்டுவந்தேன். மாடி வீட்டுக்காரர் சம்மதித்துவிட்டார். கிழங்குப் பெட்டியின்மேல் சிவப்பு மையில் நஞ்சு என்று எழுதி, பரணில் வைத்திருக்கிறேன்.

இப்போது பிரிக்கவா, ஆனி வரை விட்டுவிடவா?

---

மூலனூர்க்காரன்
23 ஜனவரி 2024, காலை 6.00

வேலிக் கிழங்கில் 14-க்கு 9 முழுசாக எடுத்தது நல்ல வேலை. எங்கள் ஆட்கள் காட்டு மண்ணிலேயே மூக்கு ஒடிப்பார்கள்.

10 நாள் நிழலில் காயட்டும். பிறகு பெரியதை மட்டும் மூட்டில் பிரித்து, உடைந்த வாயில் சாம்பலோ, அழுகலைத் தடுக்கும் சூடோமோனாஸ் பொடியோ தொட்டு, மறுபடி ஒரு வாரம் காயவிட்டு, காய்ந்த ஆற்று மணலில் ஒன்றை ஒன்று தொடாமல் படுக்கவையுங்கள். மூடி போட வேண்டாம். மாதம் ஒரு முறை பாருங்கள், மெத்தென்று இருப்பதை உடனே எடுத்துவிடுங்கள்.

---

மாடியில்_மண்
23 ஜனவரி 2024, இரவு 9.30

அக்கா, மூக்கு முறிந்த 3 கைகளை எறியாமல் ஒரு தனித் தொட்டியில் வைத்துப் பார்ப்பீர்களா? முளைக்கவே முளைக்காதா என்று கண்ணால் தெரிந்துகொள்ள ஆசை.

---

வேலியோரம்
14 ஏப்ரல் 2024, பகல் 12.20

எல்லோருக்கும் புத்தாண்டு வாழ்த்துகள்.

பிப்ரவரியில் பிரித்தேன். தம்பியின் கடையில் கிடந்த பழைய தராசில், காகிதம் விரித்து நிறுத்தேன் (சிஸ்டர், கவலை வேண்டாம், அந்தத் தராசு பரணிலேயே இருக்கும்). 7 முழுக் கலப்பையில் 4 பெரிது, ஒவ்வொரு கையும் 60 கிராமுக்கு மேல். அவற்றைப் பிரித்ததில் 8 தனிக் கை. வாழைக்காய் காம்பு உடைவதுபோலச் சத்தமில்லாமல் பிரிந்தன. சின்ன 3 கலப்பையை வளவுக்காரி அக்கா சொன்னபடி உடைக்காமல் வைத்திருக்கிறேன். ஒரு பக்கம் மூக்குப் போன மூன்றையும் பிரித்து, நல்ல கைகளைத் தனியாக எடுத்தேன். அதில் ஒன்று மார்ச்சில் மெத்தென்று ஆனது, எடுத்துவிட்டேன். மீதி எல்லாம் கல் மாதிரி இருக்கின்றன.

கொஞ்சம் சுருக்கம் விழுந்திருக்கிறது. தண்ணீர் தெளிக்கட்டுமா?

---

தேம்ஸ்கரை
14 ஏப்ரல் 2024, மாலை 6.45

தெளிக்க வேண்டாம்! சுருக்கம் ஒன்றும் செய்யாது. அழுத்தினால் கெட்டியாக இருந்தால் போதும்.

---

மூலனூர்க்காரன்
14 ஏப்ரல் 2024, இரவு 8.15

லண்டன் தம்பி சொன்னதுதான். வைகாசிக் கடைசியில் மூக்கு பச்சை காட்டும். பச்சை தெரிந்ததும் நட்டுவிடுங்கள். காலண்டர் பார்க்க வேண்டியதில்லை. முளை ஒரு விரல் நீளம் விட்டபின் எடுத்தால் கைபட்டே ஒடியும்.

---

வேலியோரம்
9 ஜூன் 2024, இரவு 9.00

போன வாரம் 5 மூக்கில் பச்சை தெரிந்தது. இன்றைக்கு எல்லாவற்றையும் நட்டுவிட்டேன். செம்மண் 2 பங்கு, ஆற்று மணல் 1, மக்கிய தொழு உரம் 1. படுக்கையாக, 3 அங்குல ஆழம், மூக்கு நடுப்பக்கம். 10 தனிக் கை, 3 முழுக் கலப்பை. மொத்தம் 16 மூக்கு.

கொடி ஏற என்ன வைப்பது என்று தெரியவில்லை. மூங்கில் குச்சி போதுமா?

---

வளவுக்காரி
10 ஜூன் 2024, காலை 7.30

வழுவழுப்பான தடித்த மூங்கிலில் ஏறாது தங்கச்சி. இந்தக் கொடிக்குத் தனியாகப் பற்றுக்கம்பி இல்லை. இலையின் நுனியே சுருண்டு பிடித்துக்கொள்ளும். அந்தச் சுருளுக்குள் அடங்கும் மெல்லிய சுள்ளி வேண்டும். கிளை பிரிந்த காய்ந்த சுள்ளிகளை நட்டுவிடுங்கள்.

---

மூலனூர்க்காரன்
10 ஜூன் 2024, இரவு 8.00

ஆமாம், விராலிச் சுள்ளி கிடைத்தால் அருமை. கிளுவைப் போத்து நட்டால் அதுவே துளிர்த்துத் தாங்கும். எங்கள் காட்டில் இப்போது கம்பிதான், ஆனால் அப்பா காலத்தில் கிளுவையும் விராலியும்தான்.

---

வேலியோரம்
7 ஜூலை 2024, இரவு 8.50

ஊரிலிருந்து தம்பி 6 கிளுவைப் போத்து கொண்டுவந்து கொடுத்தான். அம்மாவின் வேலியிலிருந்து வெட்டி, அவன் வீட்டில் நட்டுவைத்திருந்ததாம். எனக்குத் தெரியவே தெரியாது.

16 மூக்கில் 14 முளைத்துவிட்டன. வராத இரண்டில் ஒன்று தனிக் கை, இன்னொன்று முழுக் கலப்பை ஒன்றின் சின்னக் கை. முளை மண்ணைக் கீறி வரும்போது ஈர்க்குப்போல ஒரே நேராக நிற்கிறது, இலை விரியவே ஒரு வாரம் ஆகிறது.

---

வேலியோரம்
1 செப்டம்பர் 2024, காலை 10.30

அவசரம். கறுப்பு உடம்பில் வெள்ளையும் சிவப்புமாகப் புள்ளி உள்ள புழுக்கள். நேற்று மாலை இல்லை. இன்று காலை ஒரு கொடியில் இலையே இல்லை.

---

மூலனூர்க்காரன்
1 செப்டம்பர் 2024, காலை 10.50

இந்தக் கொடியைத் தேடியே வரும் புழு அது. இந்த நஞ்சு அதை ஒன்றும் செய்யாது. 13 தொட்டிக்கு மருந்து எதற்கு, கையுறை போட்டுப் பொறுக்கிச் சோப்புத் தண்ணீரில் போடுங்கள். காலை, மாலை, ஒரு வாரம். இலைக்கு அடியில் முட்டைக் கூட்டம் இருந்தால் அந்த இலையைக் கிள்ளிவிடுங்கள். இலை போன கொடி இந்த வருடம் பூக்காது. ஆனால் தண்டு பச்சையாக இருக்கும்வரை அடியில் கிழங்கு கட்டும், பிடுங்கிவிடாதீர்கள்.

---

வேலியோரம்
6 அக்டோபர் 2024, மாலை 6.15

முதல் பூ செப்டம்பர் 22 அன்று விரிந்தது. இன்றைக்கு 8 கொடியில் பூ. காலையில் பச்சை கலந்த மஞ்சளாகத் தலைகீழாகத் தொங்கி, இதழ்கள் மெல்ல மேலே மடங்கி, நுனியிலிருந்து சிவப்பு இறங்கி, நாலைந்து நாளில் முழுச் சிவப்பாகிறது. ஒரே கொடியில் மூன்று நிறமும் சேர்ந்து நிற்பதைக் கபிலர் பார்த்திருப்பார். குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களின் வரிசையை இதிலிருந்துதான் தொடங்குகிறார்.

அம்மா வேலியில் இந்தப் பூவின் ஓரம் அலையலையாக, நடுவில் ஒரு மெல்லிய மஞ்சள் கோடு கடைசிவரை போகாமல் நிற்கும். அதே கோடு இங்கேயும் இருக்கிறது. அப்பா அடையாளம் கண்டுகொண்டார்.

பூக்காத 6 கொடியில் 4 சின்னக் கிழங்கில் வந்தவை, ஒன்று புழு தின்றது. இன்னொன்று ஏன் என்று தெரியவில்லை, 65 கிராம் கிழங்கு அது.

மாடியில்_மண் தம்பிக்கு: மூக்கு முறிந்த 3 கைகளையும் ஜூனில் தனித் தொட்டியில் வைத்திருந்தேன். நேற்றுக் கொட்டிப் பார்த்தேன். இரண்டு கூழாகிவிட்டன. மூன்றாவது நட்டபடியே கெட்டியாக இருக்கிறது, முளையும் இல்லை, அழுகலும் இல்லை. திரும்பப் புதைத்துவிட்டேன்.

---

மாடியில்_மண்
6 அக்டோபர் 2024, இரவு 8.40

நன்றி அக்கா. இனி யாரிடமும் "ஒவ்வொரு துண்டிலும் கண் இருக்கும்" என்று கிழங்கின் பேர் கேட்காமல் சொல்லமாட்டேன். தையில் எனக்கு ஒரு கை கிடைக்குமா? சின்னதாக இருந்தாலும் போதும். மாடியில் குழந்தைகள் வருவதில்லை, கதவு பூட்டியே இருக்கும்.

---

வேலியோரம்
26 ஜனவரி 2025, பகல் 3.30

இன்று எல்லாத் தொட்டியையும் கொட்டினேன். 14 கொடிக்கு 14 புதுக் கலப்பை. புழு தின்ற கொடியின் அடியில்கூட விரல் தடிமனில் ஒன்று இருந்தது. தொட்டி மண் என்பதால் ஒரு மூக்குகூட முறியவில்லை. ஆக 28 மூக்கு. போன வருடம் இதே நாட்களில் 21 எடுத்தேன், அதில் தம்பிகளுக்குப் போனதைக் கழித்தால் 17.

திருச்சித் தம்பிக்கு 70 கிராமில் ஒரு கை எடுத்து வைத்திருக்கிறேன். சாம்பல் தொட்டுக் காய்கிறது. நஞ்சு என்று எழுதிய டப்பாவில் வரும், நீங்களே நேரில் வாங்கிக்கொள்ளுங்கள். மூலனூர் ஐயா, உங்களிடம் ஒன்றரை ஏக்கரே இருக்கிறது, இருந்தாலும் உங்கள் வேலியில் வைக்க இதிலிருந்து ஒரு முழுக் கலப்பை கொண்டுவருகிறேன், வாங்கிக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று. அக்டோபரில் திரும்பப் புதைத்த அந்த மூக்கில்லாத கை இன்னும் கெட்டியாகவே இருக்கிறது. இந்த ஆனி வரைக்கும் விட்டுப் பார்க்கிறேன்.

---

மூலனூர்க்காரன்
26 ஜனவரி 2025, இரவு 7.20

கட்டாயம் வாங்கிக்கொள்கிறேன் அம்மணி. மேற்கு வேலியில் கிளுவை அடர்த்தியாக இருக்கும் இடமாகப் பார்த்து வைத்திருக்கிறேன். மாசி வெயில் ஏறுவதற்குள் வாருங்கள்.